ஆய்வரங்குக்கு நானும் வரலாமா? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற மாதம் மேற்படிப்பு விண்ணப்பம் பற்றி இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆய்வு மாநாடு, ஜேர்னல் (ஆய்விதழ்), ரிவியூ (இதழுக்கு வந்த கட்டுரையை அதே துறையில் இருக்கிற வேறொருவர் வாசித்துக் குறை நிறை சொல்லும் மதிப்பாய்வு), ஒன்லைன் கோர்ஸ் என்று ஒரே பக்கம்தான் சுற்றுகின்றன. எல்லாமே திருகோணமலை மாவட்டத்துக் கடிதங்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம், ஏனென்றால் இந்தக் கேள்விகளை யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் ஒரு காலத்தில் நானே அலைந்திருக்கிறேன். அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் இதற்கே.

கேள்வி: கொழும்பில் நடக்கும் ஆய்வு மாநாட்டுக்கு என் ஆய்வுச் சுருக்கத்தை எடுத்திருக்கிறார்கள் மிஸ். பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. போகாமல் விட்டால் என்ன?
(தற்காலிக உதவி விரிவுரையாளர், நிலாவெளி)

போகாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. என் முதல் மாநாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். கடலோரக் கிணறுகளில் உப்பு எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்று ஒரு வருடம் அளந்து வைத்திருந்தேன். பேசுவதற்கு இடம் கிடைக்கவில்லை, போஸ்டர்தான், அதாவது ஆய்வை ஒரு பெரிய தாளில் அச்சிட்டு மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பது. ஏ0 அளவு, 84 சென்ரிமீற்றர் அகலம், 119 சென்ரிமீற்றர் உயரம். அதைச் சுருட்டி, ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய பிவிசி குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, இரவு ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன, எனக்கோ யாராவது கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்ற ஒரே யோசனை.

போஸ்டருக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். பலர் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்தார்கள். வயதான ஒருவர் நின்றார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வரைபடத்தில் ஒரு கோட்டின்மேல் விரலை வைத்து, "மற்றக் கிணறெல்லாம் மார்கழி மழைக்கு இறங்கியிருக்கிறது, இது மட்டும் ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டார். அந்தப் படத்தைக் கீறியவளே நான்தான், ஆனால் அந்தக் கோடு என் கண்ணில் படவே இல்லை. தெரியாது சேர், ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். வந்ததும் அந்தக் கிணற்று வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். புதிதாக வந்த ஒரு விடுதிக்கு அந்தக் கிணற்றில் மோட்டர் போட்டு இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கிறார்களாம். கடலோர மணலுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உவர்நீர் நாற்பது அடி வரை ஏறலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மழை பெய்தும் அந்தக் கிணற்றில் உப்பு இறங்காததற்குக் காரணம் அதுதான். பிறகு நான் எழுதிய கட்டுரையில் உருப்படியான பகுதி அந்த ஒரு கிணற்றைப் பற்றியதுதான். அந்தக் கேள்வி என் வீட்டு மேசையில் எத்தனை வருடம் இருந்தாலும் எனக்கு வந்திருக்காது. மாநாடு எதற்கு என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் இந்த விரலைத்தான் சொல்வேன்.

சரி, ஆங்கிலம். முதலில் தமிழில் வீட்டில் யாருக்காவது முழுவதையும் சொல்லிக் காட்டுங்கள். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் விஷயம் உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் முதல் நான்கு வசனங்களையும் கடைசி இரண்டு வசனங்களையும் ஆங்கிலத்தில் பாடமாக்குங்கள், நடுவில் ஸ்லைட் உங்களைக் கொண்டுபோகும். பத்து நிமிடத்துக்கு எட்டு ஒன்பது ஸ்லைட் போதும். கேள்வி விளங்கவில்லையென்றால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை, பேராசிரியர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் பேச்சு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். முந்தின நாள் இரவே நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, உங்கள் விஷயத்துக்குக் கிட்ட வருகிற மூன்று பேரின் சுருக்கங்களை வாசித்துவிட்டுப் போங்கள். அதில் ஒருவரிடமாவது, மண்டபத்தில் இல்லாவிட்டாலும் தேத்தண்ணி நேரத்திலாவது, ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் பேச்சை நாளைக்கு மறந்துவிடுவார்கள், தன் வேலையைக் கவனித்துக் கேட்டவரை யாரும் மறப்பதில்லை.

கேள்வி: எட்டு மாதம் காத்திருந்து ஜேர்னலிலிருந்து பதில் வந்தது. இரண்டு ரிவியூவர்கள், மொத்தம் முப்பத்தொரு குறை. 'பெரிய திருத்தம்' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. விட்டுவிடலாமா?
(ஆய்வு மாணவி, திருகோணமலை நகரம்)

முதலில் சாப்பிடுங்கள். பெரிய திருத்தம் என்பது நிராகரிப்பு இல்லை, திருத்திக்கொண்டு வாருங்கள், திரும்பப் பார்க்கிறோம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு குறை எழுதியவர் உங்கள் கட்டுரையை வரிவரியாக வாசித்திருக்கிறார். அதற்குச் சம்பளம் கிடையாது. இந்தப் பக்கத்தில் எழுதுகிற எனக்கே சிறு தொகை வருகிறது, அவருக்கு அதுவும் இல்லை.

பெரிய மனிதருக்கும் இந்தக் கோபம் வந்திருக்கிறது. 1936-இல் ஐன்ஸ்டைன், நேதன் ரோசன் என்பவருடன் சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இல்லை என்று முடிவு சொல்லி ஒரு கட்டுரையை 'பிசிக்கல் ரிவியூ' இதழுக்கு அனுப்பினார். ஆசிரியர் அதை இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், அவர் பிழைகளைக் காட்டிப் பத்துப் பக்கம் எழுதி அனுப்பினார். அச்சிடத்தானே தந்தேன், இன்னொருவருக்குக் காட்ட நான் சம்மதிக்கவில்லையே என்று ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த மதிப்பாய்வாளர் சொன்னதுதான் சரி. அவர் ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர். தான்தான் அந்த ரிவியூவர் என்று காட்டிக்கொள்ளாமல், ஐன்ஸ்டைனின் உதவியாளரோடு பேசி, பிழை எங்கே என்று விளக்கியிருக்கிறார். 1937-இல் வேறொரு இதழில் அந்தக் கட்டுரை வந்தபோது முடிவு மாறியிருந்தது. ஐன்ஸ்டைனுக்கு அது புதுப் பழக்கம் என்பதையும் சொல்லவேண்டும். ஆய்விதழ்கள் 1665-இலேயே லண்டனில் தொடங்கிவிட்டன, ஆனால் எல்லாக் கட்டுரையையும் வெளியாளிடம் அனுப்பிப் பார்ப்பது அண்மைக் காலத்து வழக்கம். புகழ்பெற்ற விஞ்ஞான இதழான 'நேச்சர்' கூட 1973-இல்தான் அதைக் கட்டாயமாக்கியது.

இனி வேலை. முப்பத்தொன்றையும் ஒரு அட்டவணையில் போடுங்கள். முதல் கட்டத்தில் அவர் எழுதியதை அப்படியே ஒரு சொல் மாற்றாமல், அடுத்ததில் உங்கள் பதில், மூன்றாவதில் எந்தப் பக்கம் எந்த வரியில் திருத்தினீர்கள் என்பது. போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் எழுத்துப்பிழை, விடுபட்ட விளக்கம், மங்கலான படம் என்று ஒரு பின்னேரத்தில் தீர்கிறவையாக இருக்கும். மீதியில் ஐந்தாறுதான் உண்மையில் கடினமானவை. எல்லாவற்றுக்கும் தலையாட்டவேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு ஒப்புதல் இல்லாத இடத்தில் நன்றி சொல்லிவிட்டு ஏன் மாற்றவில்லை என்று காரணத்தோடு எழுதுங்கள், ஆசிரியர்கள் அதை மதிப்பார்கள். 'ரிவியூவருக்கு விளங்கவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவருக்கு விளங்காத இடம் பத்து வாசகருக்கும் விளங்காது, அந்த வசனத்தை மாற்றுங்கள்.

ஆய்வின் குறைபாடுகளை ஏன் எழுதவில்லை என்று ரிவியூவர்களில் ஒருவர் கேட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நம் பழைய நூல்களில் அவையடக்கம் பாடுவார்களே, அந்த மரபில் வந்தவர்கள் நாம், பணிவு நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே பணிவை மட்டும் கேட்கவில்லை. எத்தனை கிராமம் பார்த்தீர்கள், எதைப் பார்க்க முடியவில்லை, அதனால் எந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று குறிப்பாகச் சொல்லவேண்டும்.

கேள்வி: 'மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே' என்று எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் பட்டம் முடித்தே ஆறு மாதம்தான். கட்டுரை அனுப்பினால் ஏழு நாளில் வெளியிடுவார்களாம், டொலரில் காசு கட்டவேண்டுமாம். அனுப்பலாமா?
(பட்டதாரி, மூதூர்)

அனுப்பவேண்டாம் தம்பி. ஏழு நாளில் இரண்டு பேர் வாசித்து, நீங்கள் திருத்தி, அவர்கள் திரும்பப் பார்த்து முடிக்க முடியாது. மதிப்பாய்வு நடக்கவே இல்லை என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காசு கேட்பதாலேயே ஒரு இதழ் போலி என்று சொல்லமுடியாது, திறந்த அணுக்க இதழ்கள் (யாரும் காசில்லாமல் வாசிக்கக்கூடியவை) பல, எழுதுபவரிடம் நேர்மையாகவே கட்டணம் வாங்குகின்றன. ஆனால் நீங்கள் யார் என்றே தெரியாமல் பேராசிரியர் என்று அழைத்துக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். அந்தக் காசு உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

எப்படிப் பார்ப்பது? 2003-இலிருந்து நடக்கும் டிஓஏஜே என்ற திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். 'திங்க், செக், சப்மிட்' என்ற இணையதளத்தில் கேள்விப்பட்டியல் ஒன்று இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் குழுவில் ஒருவர் பெயரை எடுத்து, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைப் பற்றி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதே இதழில் வந்த கட்டுரை இரண்டை வாசியுங்கள், இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சோதனை. பெரிய நிறுவனப் பெயரை மட்டும் வைத்து நம்பவும் கூடாது. வைலி என்ற பெரிய பதிப்பகம் தான் வாங்கிய ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளை, வெளியிட்டது செல்லாது என்று மீளப்பெற்றது. உள்நாட்டில் தொடங்க விரும்பினால் 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தொகுப்பைத் திறந்து உங்கள் துறை இதழ்களைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு ஜேர்னல் என்னையே ரிவியூ செய்யக் கேட்டிருக்கிறது. எனக்குத் தகுதி இருக்கிறதா? சற்ஜிபிடியில் போட்டுச் சுருக்கம் எடுக்கலாமா?
(விரிவுரையாளர், தம்பலகாமம்)

அந்த விஷயத்தில் நீங்கள் எழுதியதை வாசித்துத்தான் கேட்டிருப்பார்கள், ஆகவே தகுதி இருக்கிறது. எழுதியவர் உங்கள் நண்பரோ, போட்டியாளரோ, கூட வேலை செய்பவரோ என்றால் மட்டும் ஆசிரியருக்குச் சொல்லிவிட்டு விலகுங்கள். நேரமில்லை என்றால் இரண்டு நாளுக்குள் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அங்கே ஒருத்தி எட்டு மாதமாகக் காத்திருக்கிறாள் என்பதை மேலே பார்த்தீர்கள்.

சற்ஜிபிடியில் போடவே கூடாது. அது இன்னொருவரின் வெளிவராத வேலை, நம்பி உங்கள் கையில் தந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2023-இலேயே தன் மதிப்பாய்வாளர்களுக்கு இதைத் தடை செய்துவிட்டது, பல இதழ்களும் அப்படியே.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் தடவை பேனா இல்லாமல் வாசிப்பேன். முடித்ததும் இவர் என்ன சொல்கிறார் என்று மூன்று வசனத்தில் என் சொல்லில் எழுதுவேன். எழுத வரவில்லையென்றால் பிழை அவரிடமா என்னிடமா என்று பார்க்கவேண்டும், அதற்குத்தான் இரண்டாம் வாசிப்பு, அடுத்த நாள். அறிக்கையை அந்த மூன்று வசனத்தோடுதான் தொடங்குவேன், எழுதியவருக்கு அது மிகப் பெரிய உதவி, தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். பிறகு முடிவையே ஆட்டக்கூடிய குறைகள் தனியாக, சின்னத் திருத்தங்கள் தனியாக. 'முறையியல் பலவீனம்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எது பலவீனம், என்ன செய்தால் சரிவரும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நேருக்கு நேர் சொல்லமுடியாத சொல் எதையும் பெயரில்லாத அறிக்கையில் எழுதாதீர்கள். நானும் ஒருமுறை அப்படி ஒரு அறிக்கையை வாங்கியிருக்கிறேன், அதிலிருந்து ஒன்றும் கற்கவில்லை, ஒரு வருடம் எழுதாமல் இருந்ததுதான் மிச்சம். பழகிக்கொள்ள விரும்பினால் பெரிய பதிப்பகங்களே ரிவியூ எழுதுவது பற்றி இலவச ஒன்லைன் பாடங்கள் வைத்திருக்கின்றன.

கேள்வி: நான் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர். பல்கலைக்கழகத்தில் வேலை இல்லாதவர்களுக்கு இதிலெல்லாம் இடம் உண்டா?
(ஆசிரியர், கிண்ணியா)

உண்டு சேர். 1944-இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தில் மருத்துவம் முதல் சமூக விஞ்ஞானம் வரை பிரிவுகள் இருக்கின்றன, ஆண்டுக் கூட்டம் டிசம்பரில். விபரம் எடுத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் இன்று பின்னேரமே தொடங்கக்கூடிய ஒன்று: கிண்ணியாப் பக்கம் களப்புக் கரையில் வலசைப் பறவைகள் வருகின்றனவே, பிள்ளைகளோடு எண்ணி 'ஈபேர்ட்' செயலியில் பதியுங்கள். அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இலிருந்து நடத்துகிற திட்டம் அது, அந்தத் தரவை வைத்து உலகம் முழுக்க ஆய்வுக்கட்டுரைகள் எழுதுகிறார்கள். ஒரே இடம், ஒரே நேரம், வாராவாரம். காணாத நாளையும் காணவில்லை என்று பதியவேண்டும், அதுவும் தரவுதான்.

கேள்வி: ஆறு ஒன்லைன் கோர்ஸ் தொடங்கினேன், ஒன்றும் முடிக்கவில்லை. சோம்பேறி என்று வீட்டில் சொல்கிறார்கள். காசில்லாமல் படிக்க வழி உண்டா?
(இரண்டு பிள்ளைகளின் தாய், பாலையூற்று)

நீங்கள் சோம்பேறி இல்லை அக்கா. கோர்செரா, எட்எக்ஸ் என்ற ஒன்லைன் பாடத் தளங்கள் எல்லாம் 2012-இல் வந்த காலத்திலிருந்தே சேருகிறவர்களில் மிகச் சிலர்தான் முடிக்கிறார்கள், அது எல்லா நாட்டிலும் அப்படித்தான். தனியாக, இரவு பதினொரு மணிக்கு, பிள்ளைகள் படுத்தபிறகு, போனில் ஒரு வீடியோ பார்த்துப் படிப்பது யாருக்கும் கஷ்டம்.

நான் புள்ளிவிபரவியல் படித்தது எப்படி என்றால், மூன்று பேர் சேர்ந்து. சனிக்கிழமை காலை ஒரு வீட்டு முற்றத்தில், ஒரே லெப்டொப்பில், ஒருவரின் டேட்டாவில். அந்த வாரப் பயிற்சியை ஒருவர் மற்ற இருவருக்கும் விளக்கவேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே விதி. விளக்கவேண்டிய வாரத்தில் நான் படித்ததுபோல மற்ற வாரங்களில் படித்ததே இல்லை. ஆகவே ஆறையும் விடுங்கள், ஒன்றை எடுங்கள், ஒரு ஆளைத் தேடுங்கள். அந்த ஆள் அயலில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, வட்ஸ்அப்பில் இருந்தால் போதும். காசு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பாடங்களும், ஐஐடி என்ற இந்தியத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களின் என்பிடெல் ஒன்லைன் விரிவுரைகளும் பார்ப்பதற்கு இலவசம். கோர்செராவில் சான்றிதழ் வேண்டுமென்றால் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். வீடியோக்களை எங்காவது வைஃபை கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் உங்களுக்குத் தேவையான மூன்று வாரத்தை மட்டும் படித்துவிட்டு விடுவதும் படிப்புத்தான், அதற்குக் குற்றவுணர்வு வேண்டாம்.

கேள்வி: இதையெல்லாம் ஏன் தமிழில் செய்யமுடியாது?
(வாசகர், உப்புவெளி)

செய்திருக்கிறோம், செய்கிறோம். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் முன்னின்று 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கியது, 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு, 1974-இல் நான்காவது நம் யாழ்ப்பாணத்தில். ஆனால் அதே அடிகள் 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்று ஒரு ஆங்கில ஆய்விதழையும் தொடங்கினார். தமிழ் தெரியாத ஆய்வாளரும் நம் விஷயத்தை வாசித்துக் கேள்வி கேட்கவேண்டும் என்பதற்காக. எனக்கு அந்த இரண்டு பக்கமும் வேண்டும். இலக்கியம், வரலாறு, கல்வியியல் என்றால் தமிழிலேயே எழுதுங்கள், நம் பல்கலைக்கழகங்களில் தமிழ் ஆய்விதழ்கள் இருக்கின்றன. விஞ்ஞானம் என்றால் இன்றைய நிலையில் ஆங்கிலத்தில் எழுதாமல் முடியாது, ஆனால் கட்டுரை வந்த கையோடு அதன் சாரத்தைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, தரவு தந்த மக்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நான் கொடுத்தேன். மோட்டர் போட்ட கிணற்று வீட்டு அம்மா திண்ணையில் இருந்து இரண்டு பக்கத்தையும் வாசித்தார், விரலை வரியின் கீழே ஓட்டி ஓட்டி. முடித்துவிட்டு, "புரட்டாதியில் மோட்டர் போட்டது என்று எழுதியிருக்கிறீர் பிள்ளை, அது ஆவணி, எங்கட மகளின்ர கலியாணம் முடிஞ்ச கிழமை" என்றார். என் கணக்கில் ஒரு மாதம் பிந்தியிருந்தது. அந்தக் கிணற்றில் உப்பு ஏறத் தொடங்கிய நாளோடு அவர் சொன்ன மாதம் சரியாகப் பொருந்தியது. அடுத்த கட்டுரையில் திருத்தம் போட்டு, அவருக்கு நன்றியும் எழுதினேன்.